மிஸ்ரு நாட்டு ஏணியும் நம் வீட்டுக் கிதாபுகளும்

அன்னை மாரியத்துல் கிப்திய்யா (ரலி) அவர்களின் திருப்பெயரைக் கேளாத முஸ்லிம் குடும்பம் தமிழகத்தில் இராது. ஹிஜ்ரி 7-ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 628-ஐ ஒட்டி, மிஸ்ரு நாட்டுத் தலைவராயிருந்த முகவ்கிஸ் என்பார் அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்கு அனுப்பிய காணிக்கைகளோடு மதீனா வந்து சேர்ந்தவர் அவர். பெருமானாரின் அருமை மைந்தர் இப்ராஹீமை ஈன்றெடுத்தவர். மேல் எகிப்தில் அன்ஸினா என்ற நகரை அடுத்த ஹஃப்ன் என்னும் சிற்றூரே அவர் பிறந்த ஊர் என்று சீரா நூலாசிரியர்கள் குறிப்பர். ‘கிப்திய்யா’ என்ற அடைமொழிக்குக் ‘கிப்தி இனத்தைச் சேர்ந்த பெருமாட்டி’ என்று பொருள் கூறிவிட்டு நாம் மேலே சென்று விடுகிறோம். மதீனாவுக்கு வருமுன் அவரும் அவர்தம் சகோதரி ஸீரீன் (ரலி) அவர்களும் தம் தாயோடு எம்மொழியில் பேசினர் என்று நாம் கேட்பதில்லை.

அம்மொழிதான் கிப்தி மொழி. அதன் வரலாறு நமக்கு அயலார் கதை அன்று. ஒரு சமூகம் தன் தாய்மொழியைப் புதிய எழுத்தில் எழுதத் தொடங்கினால் என்ன நேரும், அவ்வெழுத்தைப் படிப்போர் அருகினால் என்ன நேரும், அந்நிலையிலும் ஒரு சிலர் விழித்துக்கொண்டால் என்ன கிட்டும் என்ற மூன்று வினாக்களுக்கும் அவ்வரலாற்றில் விடை உண்டு. தாமிரபரணிக் கரையில் அரபுத்தமிழ்க் கிதாபுகளைப் பெட்டியில் வைத்திருக்கும் நம் குடும்பங்கள் அவ்விடையை அறிதல் வேண்டும்.

ஃபிர்அவ்னின் மொழி, கிரேக்கரின் எழுத்து

கிப்தி என்பது தனியொரு புதுமொழி அன்று. மூஸா (அலை) அவர்கள் காலத்து ஃபிர்அவ்னும் அவன் குடிகளும் பேசிய பழைய எகிப்திய மொழியின் கடைசிப் பருவமே அது. கோயிற் சுவர்களில் பறவையும் பாம்பும் கண்ணுமாகச் செதுக்கப்பட்ட சித்திர எழுத்தே அம்மொழியின் தொன்மையான எழுத்து. அன்றாடக் கணக்குக்கும் கடிதத்துக்கும் அதிலிருந்து சுருங்கிப் பிறந்த விரைவெழுத்தை ‘தெமோத்திக்’ என்பர். இவற்றில் மெய்யொலிகளை எழுதினர், உயிரொலிகளை எழுதவில்லை. படிப்பவர் மொழியறிந்தவராதலின் உயிரொலியைத் தாமே கூட்டிக்கொண்டார்.

கிறித்தவம் அந்நாட்டில் பரவிய காலத்தில் மக்கள் பழைய எழுத்தைக் கைவிட்டு, கிரேக்கரின் 24 எழுத்துகளை எடுத்துக்கொண்டனர். கிரேக்கத்தில் இல்லாத ஒலிகளுக்குத் தெமோத்திக்கிலிருந்தே ஆறு அல்லது ஏழு எழுத்துகளை மீட்டெடுத்துச் சேர்த்தனர். எகிப்திய மொழியின் உயிரொலிகள் முறையாக எழுத்தில் ஏறியது அப்போதுதான். சித்திர எழுத்தில் நமக்குத் தெரிய வந்துள்ள இறுதிக் கல்வெட்டு கி.பி. 394-இல் ஃபிலே என்னும் தீவில் வெட்டப்பட்டது. அதன்பின் அவ்வெழுத்தைப் படிப்பார் எவரும் இலர். மொழி மட்டும் புது ஆடையணிந்து வாழ்ந்தது.

அம்மொழியின் இரு பெரும் வழக்குகளுக்கும் இன்று அறிஞர் வழங்கும் பெயர்கள் அரபியிலிருந்து வந்தவை. மேல் எகிப்தை அரபியர் ‘ஸயீத்’ என்றனர். அங்குள்ள வழக்கு ‘ஸயீதி’. வடபுலத்தில் ‘புஹைரா’ என்ற பகுதியின் பெயரால் மற்றொன்று ‘புஹைரி’. அன்னை மாரியா (ரலி) அவர்களின் ஊர் மேல் எகிப்தில் இருந்தமையின், அவர் செவியில் தாலாட்டாக விழுந்தது ஸயீதியைச் சார்ந்த வழக்காயிருக்கலாம் என்று கருத இடமுண்டு.

ஹிஜ்ரி 87-இல், கி.பி. 706-ஐ ஒட்டி, உமையா ஆட்சியில் எகிப்தின் அரசுப் பதிவேடுகள் அரபிக்கு மாறின. கிப்தி அன்றே மறைந்துவிடவில்லை. பின்னும் பல நூற்றாண்டுகள் அது பேசப்பட்டது. அலுவலகமும் சந்தையும் அரபியில் நடந்தபோது, ஆடவர் முதலில் மாறினர். வீடு பின்னர் மாறிற்று. 15-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய வரலாற்றறிஞர் மக்ரீஸி, மேல் எகிப்தின் சில இடங்களில் கிறித்தவப் பெண்டிரும் பிள்ளைகளும் ஸயீதி கிப்தியன்றி வேறு மொழி அதிகம் பேசுவதில்லை என்று குறித்துள்ளார். இறுதிவரை மொழியைக் காத்தவர்கள் தாய்மார்களே என்பதை இக்குறிப்பு காட்டுகிறது. ஏறத்தாழ 17-ஆம் நூற்றாண்டளவில் வீட்டுமொழி என்ற நிலையும் நீங்கி, தேவாலய வழிபாட்டில் மட்டும் புஹைரி கிப்தி எஞ்சியது.

ஏணி செய்தவர்கள்

தம் மொழி கையை விட்டு நழுவுகிறது என்பதைக் கிப்தி அறிஞர்கள் 13-ஆம் நூற்றாண்டிலேயே உணர்ந்தனர். அவர்கள் செய்தது புலம்பல் அன்று. மக்கள் இப்போது அறிந்த மொழி அரபியாதலின், அரபியிலேயே கிப்திக்கு இலக்கணமும் சொற்பட்டியலும் எழுதினர். ஸமன்னூத் நகரின் ஆயராயிருந்த யூஹன்னா, அஸ்ஸால் குடும்பத்துச் சகோதரர்கள், 1324-இல் மறைந்த அபுல் பரகாத் இப்னு கபர் ஆகியோர் இப்பணியில் முன்னின்றவர்கள். பெயர், வினை, இடைச்சொல் என அரபு நஹ்வு நூலார் வகுத்த பாகுபாட்டை ஏற்று, அதனுள் தம் மொழியைப் பொருத்திக் காட்டினர். நம் மதரஸாக்களில் நஹ்வு ஓதிய மாணவர் ஒருவர் அவ்விலக்கணங்களைத் திறந்தால், கலைச்சொற்கள் பலவும் அவருக்குப் பழகியனவாகவே இருக்கும்.

அச்சொற்பட்டியல்களுக்கு அவர்கள் இட்ட பெயர் ‘சுல்லம்’. அரபியில் அதற்கு ‘ஏணி’ என்று பொருள். ஒருபுறம் கிப்திச் சொல், மறுபுறம் அரபுச் சொல். படிப்படியாக ஏறிச் செல்லலாம். தம் பேரப்பிள்ளைகள் வழிபாட்டு நூல்களின் பொருளை உணர வேண்டும் என்பதே அவர்களது நோக்கம். அவ்வேணி ஒருநாள் ஃபிர்அவ்னின் கல்வெட்டுவரை எட்டும் என்று அவர்கள் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

முஸ்லிம் அறிஞர்களும் பழைய எழுத்தின்பால் நாட்டமின்றி இருந்தாரல்லர். இறைநேசர் துன்னூன் மிஸ்ரீ (ரஹ்) அவர்கள் மேல் எகிப்தின் அக்மீம் நகரில் பிறந்தவர். பழங்கோயில் எழுத்துகளை அறிந்தவர் என்று அரபு நூல்கள் அவரைப் பற்றிப் பேசுகின்றன. இப்னு வஹ்ஷிய்யா என்பவரின் பெயரில் பண்டை எழுத்துகளைப் பற்றிய நூலொன்று வழங்குகிறது. இத்தகைய அரபு நூல்களையெல்லாம் திரட்டி, இடைக்கால முஸ்லிம்களின் எகிப்தியல் நாட்டத்தை உலகறியச் செய்தவர் இலண்டனில் பணியாற்றிய எகிப்திய அறிஞர் உக்காஷா அத்தாலி. அவரது நூல் 2005-இல் வெளிவந்தது.

ஏணியில் ஏறியவர்

17-ஆம் நூற்றாண்டில் கிழக்கு நாடுகளில் பயணம் செய்த இத்தாலியர் பியேத்ரோ தெல்லா வல்லே, கிப்தி-அரபு இலக்கணமும் சுல்லமும் அடங்கிய கையெழுத்துப் பிரதிகளை உரோமுக்குக் கொண்டு சென்றார். கிர்ஷர் என்ற பாதிரியார் அவற்றை இலத்தீனில் பெயர்த்து 1643-இல் அச்சிட்டார். சித்திர எழுத்துக்கு அவர் கூறிய பொருள்கள் வெறும் கற்பனையாய் முடிந்தன. ஆயினும் கிப்தி பண்டை எகிப்திய மொழியின் வழிவந்தது என்ற அவர் கருத்து நிலைத்தது.

1790-இல் பிரான்சில் பிறந்த சாம்போலியன், அக்கருத்தைப் பற்றிக்கொண்டு தம் வாழ்நாளையே அதற்கு ஒப்புவித்தவர். 1807-இல், தம் 16-ஆம் வயதில், கிரெனோபிள் நகர அறிஞர் அவையில் கிப்தியே பழைய எகிப்தியரின் மொழி என்று கட்டுரை படித்தார். பின்னர்ப் பாரிசுக்குச் சென்று, புகழ்வாய்ந்த அரபு அறிஞர் சில்வெஸ்தர் த சாசியிடம் பயின்றார். அந்நகரில் யூஹன்னா ஷிஃப்திஷி என்ற எகிப்தியக் குருவானவர் ஒருவர் இருந்தார். அவரை அணுகிக் கிப்தியை ஓதும் முறையைச் செவிவழி கற்றார். தனித்திருக்கும்போது தமக்குத் தாமே கிப்தியில் பேசிப் பழகுவதாகத் தம் அண்ணனுக்குக் கடிதமும் எழுதினார். 18 வயதில் கிரெனோபிளில் வரலாறு கற்பிக்கும் பதவி கிட்டியது. நெப்போலியன் வீழ்ந்தபின் அரசியல் காரணத்தால் அப்பதவி பறிபோய் ஊரை விட்டே விலக்கப்பட்டார். வறுமையும் நோயும் வாட்டின. கிப்தியை மட்டும் அவர் விடவில்லை.

1799-இல் எகிப்தின் ரஷீத் நகரில் கண்டெடுக்கப்பட்ட மும்முறை எழுத்துக் கல்லை ஆங்கிலேயர் தாமஸ் யங் உள்ளிட்ட பலரும் ஆராய்ந்தனர். கிரேக்க மன்னர் பெயர்கள் ஓரளவு படிக்கப்பட்டன. பழைய எகிப்திய மன்னர் பெயர்களைப் படிக்க அது போதவில்லை. 1822-இல் சாம்போலியன் பார்த்த பெயரொன்றில் முதலில் கதிரவனின் வட்டம் இருந்தது. இறுதியில் ‘ஸ்’ ஒலிக்குறி இருந்தது. நடுவே வேறொரு குறி. கிப்தியில் கதிரவனுக்கு ‘ரே’ என்று பெயர். ஈன்றெடுத்தலுக்கு ‘மிஸே’ என்று பெயர். ‘ரே’, ‘மிஸ்’, ‘ஸ்’ என்று கூட்டிப் படித்தபோது ‘ராம்செஸ்’ என்ற மன்னன் பெயர் எழுந்து நின்றது. கல் தந்த குறிக்குக் கிப்தி ஒலி தந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் தம் முடிவுகளை அறிஞர் அவையில் அறிவித்தார்.

1831-இல் பாரிசின் பிரெஞ்சுக் கல்லூரியில் எகிப்தியலுக்கென்று ஒரு பேராசிரியர் இருக்கை உருவாக்கி அவரை அமர்த்தினர். அடுத்த ஆண்டு மார்ச் 4-ஆம் நாள் 41 வயதில் அவர் மறைந்தார். அவர் எழுதி வைத்த எகிப்திய இலக்கணத்தையும் அகராதியையும் அண்ணன்தான் பின்னர் அச்சிட்டார்.

அவருக்குப் பின்வந்தோரும் இதே பொறுமையைக் காட்டினர். இங்கிலாந்தின் கிரம் என்பவர் பல்கலைக்கழக இருக்கை ஏதுமின்றிப் பல்லாண்டுகள் உழைத்து 1939-இல் கிப்தி அகராதியை நிறைவு செய்தார். அமெரிக்கரான ஸ்டீபன் எம்மெல், சோஹாகை அடுத்த வெள்ளை மடத்திலிருந்து பிரிந்து பல நாட்டு நூலகங்களில் சிதறிய ஏடுகளை ஏடு ஏடாகப் பொருத்தி, 5-ஆம் நூற்றாண்டில் மறைந்த ஷெனூத்தே என்ற மடத்துத் தலைவரின் நூற்றொகுதியை மீட்டார். பின்னர் ஜெர்மனியின் மியூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் கிப்தியியல் பேராசிரியராய் விளங்கினார். ஒரே நூலின் தாள்கள் பாரிசில் சிலவும் வியன்னாவில் சிலவும் கெய்ரோவில் சிலவுமாகக் கிடந்தால், அதை ஒன்றுசேர்க்க ஒருவர் தம் இளமையைக் கொடுக்க வேண்டியிருக்கிறது!

செங்கடற்கரையில் தமிழ்ப் பெயர்கள்

இவ்வறிஞர் மரபில் வந்த ஒருவர் நம் தமிழையும் தொட்டார். சிக்காகோ பல்கலைக்கழகத்தின் ஜேனட் ஜான்சன் தெமோத்திக் மொழியியலில் பேரறிஞர். அம்மொழிக்கான சிக்காகோ அகராதியின் பதிப்பாசிரியர். கிப்திக்கு ஆறேழு எழுத்துகளைத் தந்த அதே தெமோத்திக்தான் அவரது துறை. இஸ்லாமியத் தொல்லியல் அறிஞர் டொனால்டு விட்கோமுடன் சேர்ந்து, 1978, 1980, 1982 ஆகிய ஆண்டுகளில் செங்கடற்கரையின் பழைய குஸைர் துறைமுகத்தை அவர் அகழ்ந்தார். உடைந்த பானையோடுகளில் தமிழ் பிராமி எழுத்துகள் கிடைத்தன. கணன், சாதன் என்ற ஆட்பெயர்கள் அவற்றில் படிக்கப்பட்டன. பின்னர் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் அங்கு அகழ்ந்தபோது கிடைத்த ஓட்டில் ‘பானை ஒறி’ என்றிருப்பதை ஐராவதம் மகாதேவன் படித்துக் காட்டினார். பானையை வைத்துத் தொங்கவிடும் நம் வீட்டு ‘உறி’தான் அது.

அதே துறைமுகத்தின் மேலடுக்கில், 13-ஆம் நூற்றாண்டு முஸ்லிம் வணிகர் ஒருவரின் குடும்பத்துக்குரிய அரபுக் கடிதங்களும் கணக்குச் சீட்டுகளும் தாளில் கிடைத்தன. கிழிந்த சரக்குச் சீட்டென்று எவரும் தள்ளிவிடவில்லை. லீ குவோ என்ற அறிஞர் அவற்றைப் படித்து 2004-இல் நூலாக்கினார்.

அத்துறைமுகத்தைக் கிரேக்கர் ‘மியோஸ் ஹோர்மோஸ்’ என்றனர். முதல் நூற்றாண்டுக் கிரேக்க மாலுமியின் ‘பெரிப்ளூஸ்’ என்ற கடல்வழி நூல் அத்துறைமுகத்தில்தான் தொடங்குகிறது. அதே நூல் முத்துக்குளிக்கும் ‘கொல்கி’யையும் கூறுகிறது. கொல்கி என்பது நம் தாமிரபரணி முகத்துக் கொற்கையே. கணனும் சாதனும் கொற்கையார் என்று சொல்ல ஆதாரமில்லை. அவ்வூருக்கும் இவ்வாற்றுக்கும் இடையே கடல்வழி இருந்தது என்பதில் ஐயமில்லை.

ஆறு மண்ணைக் கொணர்ந்து கொட்டக் கொட்டக் கடல் விலகிற்று. கொற்கை தளர்ந்தபின் பழையகாயல் தழைத்தது. மார்க்கோ போலோ குறித்த காயல் அதுவே என்று காட்டியவர் கால்டுவெல். இடையன்குடியின் தேரி மணலில் 1841-இல் வந்தமர்ந்து, 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டவரும் அவரே. மொழியியலில் உலகப்புகழ் பெற்ற பெருநூலொன்று நம் நெல்லைச் சீமையின் சிற்றூரில் வாழ்ந்தவரின் கையால் உருப்பெற்றது என்பதை இளைஞர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

காயல்பட்டினத்தாரின் முன்னோர் காஹிரா நகரிலிருந்து வந்தனர் என்றும், ஊர்ப்பெயரே அதன் திரிபு என்றும் ஒரு செவிவழிச் செய்தி உண்டு. காஹிரா நிறுவப்பட்டது கி.பி. 969-இல், ஆதலின் அதற்கு முந்திய ஆண்டுகளைக் கூறும் வடிவில் அச்செய்தியை அப்படியே ஏற்க இயலாது. ‘காயல்’ என்பது உப்பங்கழியைக் குறிக்கும் தமிழ்ச்சொல் என்பதும் வெளிப்படை. எனினும் மிஸ்ரோடு உறவு கொண்டாட விரும்பிய ஒரு துறைமுகச் சமூகத்தின் நினைவு அச்செய்தியில் இருக்கிறது.

நம் அரபுத்தமிழ்

கிப்தியர் செய்ததை ஒப்பவே நம் முன்னோரும் செய்தனர். தமிழை அரபு எழுத்தில் எழுதினர். அரபியில் இல்லாத ப, ட, ண, ள, ங, ஞ போன்ற ஒலிகளுக்கு அரபு எழுத்துகளில் புள்ளியும் குறியும் கூட்டிப் புதிய வடிவங்கள் அமைத்தனர். எகர ஒகரங்களுக்கும் குறி கண்டனர். அதை அரபுத்தமிழ் என்றும் அர்வி என்றும் வழங்குகிறோம். காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் (1816–1898) அவ்வெழுத்தில் மகானீ, ஃபத்ஹுத் தய்யான் முதலிய நூல்களை இயற்றினார்கள். தமிழ் நெடுங்கணக்கு கற்காத பெண்மக்களும் குர்ஆன் ஓதக் கற்ற எழுத்தைக் கொண்டே மார்க்கச் சட்டத்தைத் தம் தாய்மொழியில் படித்தறிய இது வழிசெய்தது.

ஒப்புமையை அளவு மீறிக் கொண்டுசெல்லலாகாது. கிப்தி பேச்சிலிருந்தே நீங்கிய மொழி. தமிழோ வாழும் மொழி. அர்வி தனிமொழி அன்று. தமிழ் அணிந்த ஓர் ஆடை. ஆகவே நாம் இழப்பது மொழியையன்று, ஒரு நூலகத்தை. அந்நூல்கள் உயிர்க்குறியிட்டு எழுதப்பட்டவை. கிப்தி எழுத்து எகிப்தியரின் உயிரொலியைக் காத்ததுபோல, எழுதியவர் ஒரு சொல்லை எவ்வாறு ஒலித்தார் என்பதன் தடம் அவற்றில் பதிந்திருக்கும். கடற்கரை ஊர்களின் வீட்டுவழக்குச் சொற்கள், மருந்துக் குறிப்புகள், மார்க்கத் தீர்ப்புகள் முதலியன அவற்றில் எவ்வளவு உள்ளன என்பதைப் படித்தாலன்றோ அறியலாம்?

படிப்பார் எங்கே? வீட்டைப் பழுதுபார்க்கும்போது மூதாட்டியாரின் மரப்பெட்டியிலிருந்து கறையானரித்த கிதாபு வெளிவரும். எழுத்து அரபு, ஆதலின் திருமறையின் ஏடு என்று எண்ணி முத்தமிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வர். பின்பு கால்படாத இடம் தேடி மண்ணில் அடக்குவர், அல்லது ஆற்றில் விடுவர். இவ்வாறு சென்ற ஏடுகளை நாமும் கண்டிருக்கிறோம். அப்போது நாமும் வாளாவிருந்தோம். அவமதிப்பால் அழிந்த நூல்கள் உலகில் பல. மரியாதையால் அழிவன நம் நூல்கள்! அத்தாள் ஒரு மருத்துவக் குறிப்பாயிருக்கலாம், திருமணப் பாடலாயிருக்கலாம், பாட்டியாரின் பாட்டி தம் கையால் எழுதியதாகவும் இருக்கலாம்.

செய்யத்தக்கது

பணி தொடங்கப்படவில்லை என்று சொல்வதற்கில்லை. இலங்கைப் பேரறிஞர் ம.மு. உவைஸ், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியப் பேராசிரியராயிருந்து, பெ.மு. அஜ்மல்கானுடன் இணைந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைத் தொகுதி தொகுதியாக எழுதினார். தைக்கா சுஐபு ஆலிம் அவர்கள் தமிழகத்திலும் ஸரந்தீபிலும் தழைத்த அரபு, அர்வி, பாரசீக இலக்கியங்களைப் பற்றி 1993-இல் ஆங்கிலத்தில் பெருநூல் வெளியிட்டார்கள். இவர்கள் முதற்படிகளை அமைத்தனர். ஏணி இன்னும் நீள வேண்டும்.

அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. முதலாவது, அரபு எழுத்துள்ள தாள் எதையும் அடக்குமுன் ஓர் ஆலிமிடமோ அர்வி ஓதத் தெரிந்த முதியவரிடமோ காட்டுவோம். திருமறை ஏடாயின் உரிய மரியாதை செய்வோம், அர்வியாயின் காப்போம். இரண்டாவது, அந்நூல் எவர் வீட்டில், எவர் ஓதியது என்று ஒரு சீட்டில் எழுதி உடன் வைப்போம். தாள்களைப் பிரித்துப் பங்கிடாதிருப்போம். வெள்ளை மடத்து ஏடுகள் பட்ட பாட்டை மேலே கண்டோம். மூன்றாவது, ஓதத் தெரிந்த தாய்மார் இருக்கும்போதே அவர்களை ஓதச் சொல்லிக் கேட்டு, அருஞ்சொற்களுக்குப் பொருள் எழுதுவோம். ஒருபுறம் அர்விச் சொல், மறுபுறம் இன்றைய தமிழ். அதுவே நமது சுல்லம்.

நான்காவது சற்றுக் கடினமானது. மேலப்பாளையத்திலோ காயலிலோ கடையநல்லூரிலோ ஒரு பிள்ளை, ‘நான் பழைய மொழிகளைப் படிக்கப் போகிறேன்’ என்று சொன்னால், ‘அதனால் என்ன வருமானம்?’ என்று கேட்டு வாயடைக்காதிருத்தல். மதரஸாவில் நஹ்வும் பள்ளியில் தொல்காப்பியமும் ஒருங்கே கற்கும் வாய்ப்பு நம் பிள்ளைகளுக்கு இருப்பதுபோல் வேறெவருக்கு உண்டு? வருமானம் பற்றிய அச்சம் பொய்யன்று. சாம்போலியனும் வறுமையில் உழன்றவரே. அவரைத் தாங்கியது அவர் அண்ணனின் கை. ஒரு குடும்பம் தன் பிள்ளைகளில் ஒருவரையேனும் அவ்வாறு தாங்குமாயின், ஊருக்கே அது ஸதக்கத்துன் ஜாரியாவாக அமையும்.

தம் பேரர்கள் வழிபாட்டை விளங்கிக்கொள்ள வேண்டும் என்ற சிறு நோக்கத்தோடு ஸமன்னூத்து யூஹன்னா சொற்களை எழுதி வைத்தார். ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்து அதன் பயன் உலகுக்குக் கிட்டிற்று. நம் பெட்டியிலுள்ள கிதாபு எவருக்கு எப்போது பயன்படும் என்பதை அல்லாஹ்வே அறிவான். அதுவரை அதை ஆற்றோடு போக விடாதிருப்பது நம் கடமை.